காலை எட்டி வைக்கச் சொல்லாதீர்கள்: செட்டிநாட்டு உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், அவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தரவேண்டிய தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கல்லல், புதுவயல் என்று நம் வட்டாரத்துப் பள்ளிகள் பலவற்றில் குறுவட்டப் போட்டியின் தேதி தெரிந்த பிறகுதான் மைதானத்துக்கு உயிர் வருகிறது. மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். அதுவரை வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் காலையும் மாலையும் ஓடவிடுகிறோம். நான் காரைக்குடியில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் முன்காலைப் பிடித்துக்கொண்டும், தொடையின் பின்பக்கச் சதை கிழிந்தும், முட்டி வீங்கியும் வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் எங்கும் விழுந்து அடிபட்டவர்கள் இல்லை. வெறுமனே ஓடியவர்கள், குதித்தவர்கள், திரும்பியவர்கள். அதனால்தான் இந்த மடல்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். கொஞ்சமாகத் தொடங்குங்கள். வேகத்துக்கு முன்னால் தரையில் கால் இறங்கும் விதத்தைக் கற்றுக்கொடுங்கள்.

ஏன் இறங்கும் விதம்? நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகும் நகரத்தார் நாள்கணக்கில் நடக்கிறார்கள். காலில் கொப்புளம் வரும், சதை வலிக்கும், ஆனால் ஒவ்வோர் அடியிலும் காலில் ஏறும் விசை உடல் எடையைவிடச் சற்றுதான் அதிகம். ஓட்டம் அப்படியல்ல. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் இரண்டு காலும் காற்றில் இருக்கும் ஒரு கணம் உண்டு. மேலே போன உடல் கீழே வந்தாக வேண்டும், அதை ஒற்றைக் கால் வாங்கியாக வேண்டும். மிதமான ஓட்டத்தில் அந்த விசை உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு. 40 கிலோ எடையுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு காலில் ஒவ்வோர் அடிக்கும் 100 கிலோ ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய ஆயிரம் அடி. முழு வேகத்தில் ஓடினால் விசை இன்னும் கூடும். மும்முறைத் தாண்டலில் நடு அடிகளில் அது உடல் எடையைப் போல 10 மடங்கைத் தாண்டும். 2023இல் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டிய நம் பிரவீன் சித்திரவேலைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால் அந்த மூன்று தாவலுக்குப் பின்னால் பல ஆண்டுகள் பொறுமையாகக் கட்டிய கால் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளையைச் சரளை மண்ணில் முழு ஓட்டம் எடுத்து மும்முறைத் தாண்டச் சொல்லாதீர்கள்.

இந்த விசையால் எலும்புக்குக் கேடு என்று நான் சொல்ல வரவில்லை. விசைதான் எலும்பை வலுவாக்குகிறது. ஓடாத பிள்ளையின் எலும்புதான் மெலிந்துபோகும். சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. காரை வீட்டுச் சுவரைப் பழுதுபார்க்கிறவர்கள் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதுக் காரை பூசுவார்கள். எலும்பும் அப்படியே. புதிய சுமை வந்ததும் உடல் முதலில் பழைய எலும்புத் திசுவைக் கரைக்கிறது, அதற்குச் சில வாரம் ஆகிறது. அதற்கப்புறம்தான் புதுத் திசுவை நிரப்புகிறது, அதற்குச் சில மாதம் ஆகிறது. அதாவது, கடும் பயிற்சி தொடங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு முன்பு இருந்ததைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கக்கூடும். நம் பிள்ளைகள் சரியாக அந்த நேரத்தில்தான் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகி, பயிற்சியை இரண்டு மடங்காக்குகிறார்கள். ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில வாரங்களில் காலெலும்பில் மயிரிழை விரிசல் வருவது உலகம் முழுவதும் தெரிந்த விஷயம். நம் மைதானத்தில் நடப்பதும் அதேதான்.

சதை சில வாரங்களில் வலுப்பெறும். கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டியிருக்கும் தடித்த நாணுக்கு மாதங்கள் தேவை. அந்த நாண் லேசுப்பட்டதல்ல. கால் ஊன்றும்போது இழுபட்டு, எழும்பும்போது சுருங்கி, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. 1987இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் புழங்கும் ஆற்றலில் 35 சதவீதம் இந்த நாணிலும், 17 சதவீதம் உள்ளங்கால் வளைவிலும் சேமிக்கப்பட்டுத் திரும்புகிறது. பாதிக்கு மேல் இலவசமாகக் கிடைக்கிறது என்று பொருள். அதைத் தயார்செய்யாமல் பிள்ளையை ஓடவிடுவது பெரிய இழப்பு.

எவ்வளவு கூட்டலாம் என்று கேட்பீர்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம் என்று எங்கும் சொல்கிறார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களிடம் அதைச் சோதித்தபோது, அந்தக் கணக்குப்படி ஓடியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே நான் சதவீதம் எதுவும் சொல்லப்போவதில்லை. பிள்ளையைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். நேற்று ஓடியதால் இன்று காலை படியிறங்கும்போது வலித்ததா? வலித்தால் இன்று நடக்கட்டும். இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆசிரியரிடம் பிள்ளைகள் வலியை மறைப்பதில்லை. "அணியிலிருந்து எடுத்துவிடுவார்" என்ற பயம் இருக்கிற இடத்தில்தான் மறைக்கிறார்கள்.

அடுத்து, இந்த மடலின் தலைப்புக்கு வருகிறேன். மைதானத்தின் ஓரத்தில் நின்று "காலை எட்டி வை, எட்டி வை" என்று கத்துவது நம் பக்கத்தில் வழக்கம். நோக்கம் நல்லதுதான், நீளமாக அடி வைத்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பது பார்வைக்குச் சரியாகத் தெரிகிறது. ஆனால் பிள்ளை இடுப்புக்கு வெகுதூரம் முன்னால் காலை நீட்டி ஊன்றும்போது, அந்தக் கால் தரையை முன்னோக்கித் தள்ளுகிறது. தரை அவனைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஒவ்வோர் அடியிலும் பிரேக் பிடிக்கிறான். முட்டி நீண்டு விறைத்த நிலையில் இறங்குவதால் அதிர்ச்சியை வாங்கச் சதைக்கு வாய்ப்பில்லை, மூட்டும் முன்காலெலும்பும் வாங்கிக்கொள்கின்றன. வேகமாக ஓடும்போது தொடையின் பின்சதை கிழிவது பெரும்பாலும் கால் முன்னால் வீசி ஊன்றப்போகும் கடைசி நொடித்துளியில்தான். நீட்டச் சொல்லச் சொல்ல அந்தச் சதை இன்னும் இழுபடுகிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் பீட்டர் வேயாண்டும் உடன் ஆய்வாளர்களும் அளந்து காட்டினார்கள். உச்ச வேகத்தில் ஓடும்போது, காலை அடுத்த அடிக்குக் காற்றில் வீசி எடுத்துவர வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஆகிறது. வேகமானவர் தரையை இன்னும் பலமாக உதைக்கிறார், அதுதான் வித்தியாசம். முதல்தர ஓட்டக்காரரின் கால் தரையில் இருப்பதே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான், அதற்குள் அவ்வளவு விசையையும் கொடுத்தாக வேண்டும். உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 நொடியில் 100 மீட்டரை 41 அடிகளில் முடித்தார். அவர் அடியின் நீளம் தரையை உதைத்த பலத்தால் வந்தது. அவருடைய படத்தைக் காட்டி ஒரு சின்னப் பிள்ளையிடம் எட்டி வைக்கச் சொன்னால், பலமில்லாத நீளம் மட்டும்தான் வரும்.

ஆகவே "எட்டி வை" என்பதற்குப் பதிலாக "உனக்குக் கீழேயே ஊன்று, தரையைத் தள்ளு" என்று சொல்லிப் பாருங்கள். நீண்ட ஓட்டக்காரர்களுக்கு, வேகத்தைக் கூட்டாமல் அடிகளின் எண்ணிக்கையை மட்டும் 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டியிலும் இடுப்பிலும் ஏறும் சுமை குறைகிறது என்று 2011இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நிமிடத்துக்கு 180 அடி என்று ஒரு கணக்கு இணையத்தில் சுற்றுகிறது. அது ஒலிம்பிக் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணியபோது கிடைத்தது, எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. உயரமான பிள்ளைக்குக் குறையும், குட்டையான பிள்ளைக்குக் கூடும். உங்கள் கைப்பேசியில் ஸ்லோமோஷன் இருக்கிறது. பிள்ளை ஓடும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து எடுத்து, கால் தரையைத் தொடும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். பாதம் இடுப்புக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது, முட்டி மடங்கியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். அந்தப் படத்தைப் பிள்ளைக்கும் காட்டுங்கள். நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அந்த ஒரு படம் அவனுக்கு அதிகம் சொல்லும்.

ஷூ பற்றி இரண்டு விதமான நம்பிக்கை நம் ஊரில் உண்டு. ஷூ இல்லாததால்தான் பிள்ளை தோற்றான் என்று ஒரு கூட்டம், வெறுங்கால்தான் இயற்கை என்று இன்னொரு கூட்டம். அபேபே பிகிலா 1960இல் ரோமில் வெறுங்காலோடு மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் ஓடி ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு 2 மணி 12 நிமிடம் 11 நொடியில் மறுபடியும் தங்கம் வாங்கினார். ஹார்வர்டைச் சேர்ந்த டேனியல் லீபர்மன் குழு 2010இல், வெறுங்காலில் வளர்ந்த கென்ய ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குவதாகவும், அப்போது குதிகால் மோதும் அந்த முதல் அதிர்ச்சி மறைவதாகவும் எழுதியது. உலகமே முன்பாதத்துக்கு மாறப் பார்த்தது. 2013இல் அதே கென்யாவின் வடபகுதியில், ஆயுள் முழுக்க வெறுங்காலில் நடக்கும் தாசனாச் மக்களைப் பார்த்தபோது, மிதமான வேகத்தில் அவர்களில் பெரும்பாலோர் குதிகாலில்தான் இறங்கினார்கள். குதிகாலில் இறங்கினால் முட்டிக்கு அதிகச் சுமை, முன்பாதத்தில் இறங்கினால் கெண்டைக்கும் நாணுக்கும் அதிகச் சுமை. சுமை எங்கும் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. எனவே வலியில்லாமல் ஓடுகிற பிள்ளையின் பாதத்தைத் திருத்தப் போகாதீர்கள். வெறுங்காலில் பழகிய பிள்ளைக்கு ஊர்ப் பெரியவர் யாராவது ஷூ வாங்கிக் கொடுத்தால் மகிழ்ச்சி, அதை ஒரு மாதம் பழகிய பிறகு போட்டிக்குப் போடட்டும். போட்டியன்று காலையில் புது ஷூ வேண்டவே வேண்டாம்.

மைதானம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துத் தரை செம்புறாங்கல் கலந்த கெட்டி மண், மேலே உருளும் சரளை. கெட்டித் தரை காலைக் கெடுக்கும், மெத்தென்ற மண் காப்பாற்றும் என்று நினைக்கிறோம். உண்மை இன்னும் சுவையானது. தரை மெத்தென்றிருந்தால் கால் தன்னை விறைப்பாக்கிக்கொள்கிறது, தரை கெட்டியாக இருந்தால் கால் தன்னைத் தளர்த்திக்கொள்கிறது. பழகிய உடல் இதை ஓர் அடியில் செய்துவிடும். கண்மாய் மணலில் ஓடவிட்டால் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் செலவாகும், குதிநாணும் அதிகம் இழுபடும், ஆகவே அதைப் பிள்ளைகளுக்கு மெல்லத்தான் பழக்க வேண்டும். கெட்டித் தரையைவிட எனக்கு அதிகக் கவலை சரளைதான். முழு வேகத்தில் ஓடும் பிள்ளையின் கால் அதில் வழுக்குகிறது. வாரம் ஒருமுறை பெருக்கினாலே போதும்.

இன்னொன்று, நம் பள்ளிகளில் பெரும்பாலும் 200 மீட்டர் தடம்தான், வளைவு குறுகியது. போட்டியில் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுகிறோம். குறுகிய வளைவில் உட்பக்கக் காலும் வெளிப்பக்கக் காலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பயிற்சியில் ஒருநாள் இடமாகவும் ஒருநாள் வலமாகவும் சுற்றவிடுங்கள். தேவகோட்டை ரோட்டோரமாக ஓடவிடுகிறவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. ரோட்டின் விளிம்பு சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இறங்குகிறது, லாரிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கபடிக்கு வருகிறேன். என்னை அதிகம் வருத்துவது இதுதான். ரைடு போகிற பெண் சட்டென்று திரும்புகிறாள், பாதம் தரையில் நிற்கிறது, முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது, ஒரு சத்தம் கேட்கிறது. முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் போய்விட்டது. யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டங்களின் படங்களை ஆராய்ந்தவர்கள், கால் தரையைத் தொட்ட ஏறத்தாழ 40 மில்லி நொடிக்குள் இது நடந்துவிடுகிறது என்று கண்டார்கள். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. விழும் நேரத்தில் யோசித்துத் திருத்த முடியாது, பழக்கம் மட்டும்தான் காப்பாற்றும். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகம். நம் பிள்ளைகள் வெறுங்காலோடு செம்மண்ணில் பழகிவிட்டு, மேல்நிலைப் போட்டிகளில் ஷூ போட்டு 'மேட்' எனப்படும் செயற்கை விரிப்பில் ஆடுகிறார்கள். மண்ணில் பாதம் கொஞ்சம் வழுக்கி முட்டியைத் தப்பவிடும், விரிப்பில் அது ஒட்டிக்கொள்ளும். பிடிமானம் அதிகமான செயற்கைத் தளங்களில் ஹேண்ட்பால் ஆடிய பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் வந்ததாக நார்வே ஆய்வு ஒன்று சொல்கிறது. விரிப்பில் ஆட வேண்டியவர்களை ஒருசில வாரமாவது விரிப்பில் பழகவிட ஏற்பாடு செய்யுங்கள்.

இதைத் தடுக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள கால்பந்து ஆடும் பெண்களிடம், ஃபிஃபா 11 பிளஸ் என்ற 20 நிமிட வார்ம்அப்பைச் சோதித்தார்கள். அதைச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாயின. மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, குந்துதல், தாவி இறங்குதல், திரும்புதல், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். வட்டமாக நிறுத்திக் குனிந்து காலைத் தொடவைத்து ஒரு நிமிடம் அப்படியே நிற்கச் சொல்லும் நம் பழைய முறையை இதற்காக விட்டுவிடுங்கள். அதனால் காயம் பெரிதாகக் குறைவதில்லை, நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் அடுத்து வரும் ஓட்டத்தில் பலமும் சற்றுக் குறைகிறது.

தாவி இறங்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே: "சத்தமில்லாமல் இறங்கு." பிள்ளைகளிடம் முட்டியின் கோணத்தை விளக்கத் தேவையில்லை. சத்தம் குறைய வேண்டும் என்று நினைத்தாலே முட்டியும் இடுப்பும் தானாக மடங்கும், விசையும் குறையும். முட்டி பெருவிரலுக்கு உள்ளே சாயாமல் இருக்கிறதா என்று எதிரில் நின்று நீங்கள் பாருங்கள். தொடையின் பின்சதைக்கு, சாக்கின் மேல் முட்டிபோட்டு நிற்கும் பிள்ளையின் கணுக்காலை நண்பன் அழுத்திப் பிடிக்க, உடலை மெல்ல முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சி இருக்கிறது. அதைத் தொடர்ந்து செய்கிற அணிகளில் பின்சதைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. முதல் வாரம் நான்கைந்து முறை போதும், அதற்கே நன்றாக வலிக்கும்.

வளரும் வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் உயரம் சரசரவென ஏறும். எலும்பு முந்துகிறது, சதையும் நாணும் பின்னால் வருகின்றன. நாண் ஒட்டியிருக்கும் இடங்களில் எலும்பு இன்னும் குருத்தாகவே இருக்கிறது. முட்டிக்குக் கீழே புடைத்து வலிப்பதும், குதிகாலின் பின்பக்கம் வலிப்பதும் அதனால்தான். "வளர்ற வலி, ஓடினா சரியாப் போயிரும்" என்று ஓடவிட்டால் இன்னும் மோசமாகும். படுக்கவைக்கவும் வேண்டாம். குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் சில வாரம் குறைத்து, சைக்கிள், நீச்சல் என்று மாற்றினால் போதும்.

சில அறிகுறிகளை மட்டும் மறக்காதீர்கள். முன்காலெலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால் ஓய்வும் சுமைக் குறைப்பும் போதும். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலித்தால், அந்தக் காலில் மட்டும் எம்பிக் குதிக்க முடியாவிட்டால், இரவிலும் வலித்தால், விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற சீட்டோடு திரும்பி வந்த பிள்ளையை மறுநாளே 1,500 மீட்டர் ஓடவைத்த பள்ளி ஒன்றை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அந்த ஆண்டு முழுக்க ஓடவில்லை. ஓடும் பெண் பிள்ளைக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால், போதுமான சாப்பாடு இல்லை என்று பொருளாக இருக்கலாம், எலும்பும் அதனால் பலவீனமாகும். ஆசிரியை ஒருவர் தனியாகக் கேட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முட்டியில் சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால், எண்ணெய் போட்டு உருவிவிட யாரிடமும் கூட்டிப்போகாதீர்கள். நேரே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் எடுத்துக்கொள்வதை நிறுத்துங்கள். ஒரே உடற்கல்வி ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறார். அவரிடமிருந்து அந்த நேரத்தையும் பறித்துவிட்டு, ஆகஸ்டில் கோப்பை எங்கே என்று கேட்பது நியாயமில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வாரத்துக்கு இரண்டு பீரியடாவது மைதானத்தில் இருக்கட்டும்.

அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உங்களில் பலர் அங்கே படித்தவர்கள். நான் மேலே எழுதியவற்றில் பலவற்றை உயிர்விசையியல் (பயோமெக்கானிக்ஸ்) பாடத்தில் நீங்கள் என்னைவிட விரிவாகப் படித்திருப்பீர்கள். அங்கே படிக்கும் மாணவர்கள் ஜூன் மாதத்தில் ஆளுக்கொரு பள்ளிக்கு வந்து, பிள்ளைகளின் ஓட்டத்தைப் படமெடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்யும்படி கல்லூரியை நாம் சேர்ந்து கேட்கலாம். அவர்களுக்கும் அது பயிற்சிதானே.

குறுவட்டப் போட்டிக்காக நீங்கள் எல்லாரும் கூடும் ஆலோசனைக் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். 20 நிமிட வார்ம்அப்பை முழுதாகச் செய்து காட்டுகிறேன், நார்டிக் பயிற்சிக்குச் சாக்கும் நானே கொண்டுவருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். உங்கள் பள்ளியில் ஓடுகிற பிள்ளை ஒருவரையும், கபடி ஆடுகிற பெண் பிள்ளை ஒருவரையும் கூட அழைத்து வாருங்கள், அவர்களை வைத்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்